செவ்வாய்க்கிழமை, இரண்டு மணி ஏழு நிமிடம்

இதில் வரும் நேரங்களில் ஒன்றைக்கூட நான் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. ரேடியோ வேலை பார்த்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் தேதி, மணி, நிமிடம் போட்டுக் குறித்துவைப்பான். அந்த நீல அட்டை நோட்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றவில்லை. என் மனைவி மாற்றச் சொன்னாள். மாற்றினால் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

இருட்டை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது எல்லாமே டெக்சாஸ் வெயிலில், பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் பிலிப். 2001இல் டெக்சாஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் இருந்தேன். என் டீமில் மூத்தவர் கோபாலசாமி சார். கோயம்புத்தூர்க்காரர். பழைய ரேடியோ என்றால் உயிர். பேசத் தொடங்குமுன் இரண்டு தடவை தொண்டையைக் கனைப்பார். க்ஹும்... க்ஹும். அதற்கப்புறம்தான் வார்த்தை வரும்.

அவரிடம் இன்னொரு விநோதமும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் டீம் மீட்டிங். பேசிக்கொண்டே இருப்பவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துச் சுவரையே பார்ப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

"சார் பஃபர் ஆயிட்டிருக்கார், வெயிட் பண்ணுங்கப்பா" என்பான் எங்கள் டீம் தாரிக். எல்லோரும் சிரிப்போம். முடிந்ததும் அவரும் சிரிப்பார். எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. நான் அதிகம் பேசாதவன். பேசாமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை. ஆழமாக யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அக்டோபரில் அவருக்கு வேலை போனது. ஜனவரியில் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்பப் போனவனை கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். கறுப்பு முகப்பு, மூன்று குமிழ்கள், மேலே இரண்டு கண்ணாடி வால்வுகள். ஸ்பீக்கர் கிடையாது. கனமான ஒரு ஹெட்போன் மட்டும். 1922 வாக்கில் இங்கிலாந்தில் யாரோ வீட்டிலேயே செய்த ரேடியோ.

"இத நீ வச்சுக்கோ, பிலிப்."

"வேலை செய்யுமா சார்?"

"செய்யும். அதனாலதான் சொல்றேன். பேட்டரி மட்டும் போட்டுராத."

"ஏன்?"

க்ஹும்... க்ஹும். "வேலை இல்லாதவனுக்கு இதெல்லாம் ஆகாது. ரொம்ப நல்லா பொழுது போயிடும்."

"எனக்குத்தான் வேலை இருக்கே சார்."

"ஆமால்ல... அப்பச் சரி."

சிரித்தார். ஆனால் பெட்டி என் கைக்கு வந்தபிறகும் அதன் விளிம்பைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிப்ரவரி 15ஆம் தேதி எனக்கும் வேலை போனது. என் மனைவி அல்போன்சா நர்ஸ். கிரீன் கார்டு அவள் வேலையில்தான் வந்தது. அதனால் நாங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. அவள் பகல் டியூட்டிக்குப் போனாள். டேகேரை நிறுத்திவிட்டு மகளை நான் பார்த்துக்கொண்டேன்.

மகள் ஜோவானா. அப்போது நாலரை வயது. வாய் ஓயாது. தூக்கத்திலும் பேசுவாள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். நானும் அல்போன்சாவும் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை அவள் காலைச் சாப்பாட்டுக்குள் பேசி முடித்துவிடுவாள். அந்த வீட்டின் சத்தமே அவள்தான். அது இல்லாமல் போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 26, செவ்வாய். ஜோவானா தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொழுது போகவில்லை. பத்து ஒன்பது-வோல்ட் பேட்டரிகளை ஒன்றோடொன்று கோத்தேன். ஒரு கம்பியைக் கொல்லைப்புற வேலியில் கட்டி ஏரியலாக்கினேன். வால்வுகள் மெல்ல ஆரஞ்சு நிறமாயின.

மணி 2:00. ஹெட்போனில் ஒரு ஆண் குரல். சுத்தமான ஆங்கிலேய உச்சரிப்பு. விளையாட்டாகப் பேசும் பள்ளி வாத்தியார்போல ஒரு தோரணை.

"மாலை வணக்கம். மணி எட்டு. வெளியே நல்ல பனி."

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லண்டனில் அப்போது மணி எட்டு. எங்களுக்கும் அவர்களுக்கும் ஆறு மணி நேரம் வித்தியாசம்.

யாரோ ஒரு பியானோவைத் தரையில் இழுத்தார்கள். சுருதி சேராத ஒரு பாட்டு. ஒரு ஜோக். எனக்குச் சிரிப்பு வந்தது. சரியாக 2:07க்கு அந்தக் குரல் சொன்னது: "உரிமத்தின் விதிப்படி இனி மூன்று நிமிடம்... நாங்கள் கேட்கிறோம்."

அமைதி.

நிலையம் நின்றால் இரைச்சல் வரவேண்டும். வரவில்லை. போனில் எதிர்முனையில் இருப்பவர் ரிசீவரை வைக்காமல் காத்திருந்தால் ஒரு அமைதி வருமே... அதுதான்.

2:10க்கு மறுபடி குரல். 2:17க்கு அமைதி. 2:27க்கு அமைதி. 2:30க்கு முடிந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இது எனக்கு ஓரளவு தெரிந்த விஷயம்தான். பிரிட்டனில் ஒலிபரப்பு தொடங்கிய 1922இல், ஒரு கிராமத்து வயல்வெளிக் கொட்டகையிலிருந்து வாரம் ஒரு மாலை, செவ்வாய்க்கிழமை, அரைமணி நேரம் ஒலிபரப்பினார்கள். ஏழு நிமிடம் பேசலாம், மூன்று நிமிடம் நிறுத்த வேண்டும் என்று அரசாங்க விதி. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ இடைவேளை என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு ரேடியோ பைத்தியம் அதைத் திரும்ப நடித்துப் பார்க்கிறது என்று முடிவு செய்தேன்.

ஆனால் இரவு படுத்தபிறகு சில விஷயங்கள் உறுத்தின. எந்த நிலையமும் தன் பெயரைச் சொல்லவேண்டும். இது சொல்லவில்லை. மீடியம் வேவ் அலைகள் பகலில் கடல் தாண்டாது. இந்தப் பெட்டி அதைத் தவிர வேறெதையும் எடுக்காது. பழைய பதிவைப் போடுகிறார்கள் என்றால், நான் படித்தவரை அந்த வருட ஒலிபரப்பில் எதற்கும் பதிவு மிஞ்சவில்லை.

அடுத்த செவ்வாய், மார்ச் 5. ஜோவானா என் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனைப் பிரித்து ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டோம். 2:17க்கு அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் ஏதாவது கேட்கிறதா என்று பார்க்க, மூன்றாவது குமிழைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினேன்.

அங்கேதான் தவறு செய்தேன்.

அந்தக்கால ரேடியோவில் அந்தக் குமிழ் சத்தத்தைக் கூட்டும். அளவு மீறினால் பெட்டி ஊளையிடும். ஊளையிடும்போது அது வெறும் ரேடியோ இல்லை, தானே ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையமாகிவிடும். அக்கம்பக்கத்து ரேடியோவிலெல்லாம் அந்த ஊளை கேட்கும். தயவுசெய்து அப்படித் திருப்பாதீர்கள் என்று அன்றைக்கு பிரிட்டனில் கெஞ்சிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் திருப்பினேன்.

ஊ...ஊ...ஊஊஊ.

ஜோவானா காதில் இருந்ததை எடுத்து, போன் மாதிரி வாயருகே வைத்துக்கொண்டாள். அந்தக்கால ஹெட்போனில் பேசினால் அதுவே மைக்காகிவிடும்.

"ஹலோ? ஐ ஆம் ஜோவானா. ஹூ ஆர் யூ?"

குமிழைச் சட்டென்று பின்னால் திருப்பினேன். ஊளை நின்றது.

2:20. குரல் வந்தது. இந்தத் தடவை ஜோக் இல்லை.

"நன்றி. ஒரு குழந்தை கேட்டது."

கொஞ்சம் இடைவெளி.

"ஜோவானா."

கம்பியைப் பிடுங்கினேன். பேட்டரிகளைக் கழற்றினேன். பெட்டியை கராஜில் மேல்தட்டில் வைத்து மூடினேன். கோபாலசாமி சாருக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை.

மார்ச் 12, செவ்வாய். ரேடியோ அணைந்து கிடக்கிறது. ஜோவானா மக்கரோனி சாப்பிட்டபடி பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ட் தி டாக் வாஸ்..."

நின்றாள். ஸ்பூன் அந்தரத்தில். தலை இடப்பக்கம் சாய்ந்தது. கண் சுவரில்.

அடுப்புக் கடிகாரம் 2:07.

"ஜோ... ஜோ, அப்பாவைப் பாரு."

அவளைத் தொட்டேன். குலுக்கினேன். 2:08... 2:09...

"...சோ ஃபன்னி!" என்று சிரித்தாள். 2:10. ஸ்பூன் வாய்க்குப் போனது.

2:17க்கு மறுபடி. 2:27க்கு மறுபடி.

அல்போன்சாவிடம் சொன்னேன். "உங்க பொண்ணுதானேங்க. கல்யாணத்தன்னைக்கு ஃபாதர் கேட்ட கேள்விக்கே நீங்க அரை நிமிஷம் கழிச்சுத்தான் பதில் சொன்னீங்க" என்று கேலி செய்தாள். மார்ச் 19 அவளுக்கு லீவு. 2:07க்குத் தன் கண்ணாலேயே பார்த்தாள். நாடி பிடித்தாள். கண்ணில் டார்ச் அடித்தாள். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

டாக்டர் ஒருவகை வலிப்பாக இருக்கலாம் என்றார். தலையில் ஒயர்கள் ஒட்டிப் பரிசோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. 26ஆம் தேதி, மூன்றாவது தடவை நின்று முடிந்ததும் ஜோவானாவிடமே கேட்டேன்.

"என்னம்மா கேக்குது உனக்கு?"

"நத்திங், டாடி."

"அப்புறம் ஏன் பேசாம இருக்க?"

"ஹி இஸ் வெயிட்டிங்" என்றாள், கலர் பென்சிலைத் தேடிக்கொண்டே.

ஏப்ரல் 2, செவ்வாய். வீட்டில் இருக்க பயம். இரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் அல்போன்சா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று திட்டம். அதுவரை பூங்காவில் ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். அவள் என்னை இன்னும் வேகமாகத் தள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றது.

ஊஞ்சல் மட்டும் ஆடியது. கிரீச்... கிரீச்...

தலை இடப்பக்கம்.

கடிகாரம் பார்த்தேன். 1:07.

இரண்டு மணி ஆகவில்லை. ஒரு மணி நேரம் முன்னால்!

1:10க்குப் பேசினாள். காருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். 1:17... ஃப்ரீவேயில். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தபடியே ஓட்டினேன். 1:27. ஆஸ்பத்திரி வாசல். 1:30 ஆனது.

அவள் பேசவில்லை.

1:31. மூச்சு இல்லை. உதடு நீலம்.

அல்போன்சா ஓடிவந்தாள். 1:32. ஆக்ஸிஜன் முகமூடியை வைத்துக் காற்றைச் செலுத்தினார்கள். ஜோவானா இருமினாள். "மம்மி, வை ஆர் யூ கிரையிங்?" என்றாள்.

ஏன் ஒரு மணி நேரம் முன்னால்? அன்று மாலை கம்ப்யூட்டரில் லண்டன் நேரத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கோடைக்காக பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமையே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியிருந்தார்கள். அமெரிக்காவில் அடுத்த ஞாயிறுதான். அந்த ஒரு வாரம் மட்டும் வித்தியாசம் ஏழு மணி நேரம்.

நாலரை வயதுக் குழந்தைக்கு இது எப்படித் தெரியும்? கராஜில் பேட்டரி இல்லாமல் கிடக்கும் பெட்டிக்கு?

அது லண்டன் நேரத்தை வைத்து நடக்கிறது. இன்னமும். வாராவாரம்.

அல்போன்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊளை, மைக், அந்தக் குரல் பெயரைச் சொன்னது... கராஜுக்குப் போய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள்.

"அவ பேசினது இந்தப் பெட்டி வழியாத்தானே போச்சு?"

"ஆமா."

"அப்ப நீங்க பேசுறதும் போகும்ல?"

ஏப்ரல் 9, செவ்வாய். சாப்பாட்டு மேஜையில் பெட்டி. பத்து பேட்டரி. அல்போன்சா மடியில் ஜோவானா. பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர்.

"நீங்க மட்டும் இதச் சொதப்புனீங்க..." என்றாள். முடிக்கவில்லை.

2:00. "மாலை வணக்கம். மணி எட்டு. நமக்கு டெக்சாஸில் ஒரு சின்ன சிநேகிதி இருக்கிறாள்."

பியானோ இல்லை. பாட்டு இல்லை. ஏழு நிமிடமும் அந்தக் குரல் ஜோவானா வாராவாரம் பேசிய பேச்சையே சொன்னது. நாய். மக்கரோனி. ஊஞ்சல்.

2:07. "நாங்கள் கேட்கிறோம்."

"...அண்ட் தென் மம்மி..." ஜோவானா நின்றாள்.

குமிழைத் திருப்பினேன்.

ஊ...ஊஊஊ...

ஹெட்போனை வாயில் வைத்தேன். நாக்கு எழவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசாமலே இருந்தவன்.

2:08.

"பேசுங்க!" என்றாள் அல்போன்சா.

"நான் பிலிப்" என்றேன் இங்கிலீஷில். "அவள் அப்பா. அவள் குழந்தை. தெரியாமல் பேசிவிட்டாள். அவளை விடுங்கள்."

2:09. மூச்சு நிற்கிறது என்றாள் அல்போன்சா. முகமூடியை எடுத்தாள்.

"உங்களுக்கு ஒரு ஆள்தானே வேண்டும்? நான் இருக்கிறேன். நான் கேட்கிறேன்."

ஊளை தானாக நின்றது.

2:10.

"நன்றி, பிலிப். குழந்தை தூங்கப் போகலாம்."

"...செட் நோ ஐஸ்கிரீம்!" என்று முடித்தாள் ஜோவானா.

அல்போன்சா அழுதாள். நான் சிரித்தேன். 2:17க்குத்தான் எழுந்து பேட்டரியைப் பிடுங்கப் போனேன்...

அடுத்து எனக்குத் தெரிந்தது அல்போன்சா என் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. மணி 2:20.

"அஞ்சு தடவ கூப்பிட்டேன். தலையைச் சாய்ச்சுக்கிட்டு சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தீங்க."

இடப்பக்கம்தானா என்று நான் கேட்கவில்லை.

ஏழு வருடம் ஆகிவிட்டது. ஜோவானாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஒரு தடவைகூட அவள் அப்படி நின்றதில்லை. போன் பில்லைப் பார்த்து அவள் அம்மாவே அலுத்துக்கொள்கிறாள். எனக்கு வேறு கம்பெனியில் வேலை. செவ்வாய் இரண்டு மணிக்கு மீட்டிங் வைக்க விடமாட்டேன். மீறி வைத்தால், பிலிப் ஆழமாக யோசிக்கிறார் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

அந்த மூன்று நிமிடம் எப்படி இருக்கும்? ஒன்றும் இருக்காது. பெரிய வெட்டவெளி ஒன்றின் நடுவில் நிற்பதுபோல ஒரு அமைதி. நான் அமைதிக்குப் பழகியவன். தாங்கிக்கொண்டேன். இது ஒரு விலை, கொடுத்தாயிற்று என்று நினைத்திருந்தேன்.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஸ்வர்ணா ஆன்ட்டி போன் செய்தார். கோபாலசாமி சாரின் மனைவி. சார் இறந்துவிட்டார்.

"செவ்வாக்கிழமை ராத்திரி தூங்கவே மாட்டார்ப்பா. பன்னெண்டரைக்கோ ஒன்றரைக்கோ எந்திரிச்சு உக்காந்துக்குவார். இங்க வந்த நாள்லருந்து அப்படித்தான்."

குளிர்காலத்தில், இந்தியாவில் புதன் விடிகாலை ஒன்றரை. லண்டனில் செவ்வாய் இரவு எட்டு.

"பொங்கலுக்கு மொத நாள் ராத்திரி. எனக்கும் வேலை இருந்துச்சு, முழிச்சிருந்தேன். கரும்பை எங்க கட்டுறதுன்னு பேசிட்டிருந்தவரு, டக்குனு நின்னுட்டாரு. அது எப்பவும் வர்றதுதானேன்னு விட்டுட்டேன். ரெண்டு மணி ஆச்சு. முழிச்சுக்கல. அப்புறம் யாரோ எதையோ சொன்ன மாதிரி மெதுவாத் தலைய ஆட்டினாரு. 'சரி'ன்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அப்படியே..."

ஆன்ட்டி மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார்.

"உன் மெயிலெல்லாம் திரும்பத் திரும்பப் படிப்பார்ப்பா. பதில் எழுத மாட்டார். எங்க சின்னவன் எட்டு வயசுல ஒரு மாசம் இப்படித்தான் பேச்சு நின்னு நின்னு போவான். அவனுக்குச் சரியாச்சு. அதுக்கப்புறம்தான் இவருக்கு வந்துச்சு... உன் பிள்ள நல்லாருக்காளா?"

அன்றைக்கே நூலகத்துக்குப் போனேன். பிரிட்டிஷ் ஒலிபரப்பின் ஆரம்ப வருடங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் அந்த விதி முழுசாக இருந்தது. இத்தனை வருடம் அதை நான் தேடிப் படிக்கவே இல்லை.

அந்த மூன்று நிமிடம் இடைவேளைக்காக இல்லை. நேயர்கள் பதில் சொல்வதற்காகவும் இல்லை. ஒலிபரப்புகிறவர் வாயை மூடிக்கொண்டு, மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த ஏழு நிமிடம் பேசலாம்.

வரக்கூடிய உத்தரவு ஒன்றே ஒன்றுதான்.

நிறுத்து.

இன்று திங்கள். அல்போன்சா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடமும் இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். ஏழு வருடமாக அந்த வெட்டவெளியில் எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லை.

போன செவ்வாய், மூன்றாவது மௌனத்தில் கேட்டது. ரொம்பப் பக்கத்தில். யாரோ பேசத் தொடங்குமுன் தொண்டையைக் கனைத்தார்கள்.

இரண்டு தடவை.